‘போயிட்டு வர்றேன்’ என்று சொல்லிவிட்டே கிளம்புங்கள்

வாசகர் கேள்வி – பதில்
பதில் சொல்பவர்: மழலையர் வகுப்பில் நெடுங்காலம் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர்

கேள்வி: என் மகனுக்கு அடுத்த மாதம் மூன்று வயது முடிகிறது. அதற்கடுத்த மாதம் ப்ளே ஸ்கூலில் சேர்க்கிறோம். நான் பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்தினாலே கதவடியில் உட்கார்ந்து அழுகிறவன் அவன். “விளையாட்டில் கவனம் போனதும் சத்தமில்லாமல் நழுவி வந்துடு, ரெண்டு நாள்ல பழகிடும்” என்று எல்லோரும் சொல்கிறார்கள். அப்படித்தான் செய்ய வேண்டுமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

வேண்டாம். மற்ற எதில் வேண்டுமானாலும் விட்டுக்கொடுப்பேன், இதில் மாட்டேன். நழுவி வராதீர்கள்.

நழுவி வந்தால் அவன் அழுவது உங்கள் காதில் விழாது, அவ்வளவுதான். அவன் அழாமல் இருந்துவிட மாட்டான். பத்து நிமிடம் கழித்துத் திரும்பிப் பார்ப்பான். நீங்கள் உட்கார்ந்திருந்த நாற்காலி காலியாக இருக்கும். அந்த நொடியில் அவனுக்குப் புரிவது ஒன்றுதான்: ‘நான் விளையாடினால் அம்மா காணாமல் போயிடுவா.’ மறுநாள் அவன் விளையாட மாட்டான். வீட்டில்கூட நீங்கள் அறை மாறினால் பின்னாலேயே வருவான். இப்படி விட்டுவிட்டு வரப்பட்ட குழந்தைகளை வகுப்பில் எனக்குச் சட்டென்று தெரிந்துவிடும். கையில் பொம்மை இருக்கும். கண் வாசலில் இருக்கும்.

சொல்லிவிட்டுக் கிளம்பினாலும் அழுவான். அழட்டும். அந்த அழுகையில் ஏமாந்துபோன வலி இல்லை. ‘நீ போறது எனக்குப் பிடிக்கலை’ என்று அவன் உங்களிடம் நேரடியாகச் சொல்கிறான். அதைச் சொல்ல அவனுக்கு உரிமை உண்டு.

எப்படிச் சொல்லிவிட்டு வருவது? குனிந்து பேசாதீர்கள், முட்டி போட்டு அவன் முகத்துக்கு நேராக உட்காருங்கள். மூன்று விஷயம் சொல்லுங்கள். “அம்மா போயிட்டு வர்றேன். டீச்சர் உன்கூட இருப்பாங்க. நீ சாப்பிட்டு, கை கழுவினதும் அம்மா வந்துடுவேன்.” ஒரு முறை இறுக்கிக் கட்டிக்கொள்ளுங்கள். பிறகு அவன் கையை டீச்சர் கையில் நீங்களே கொடுங்கள். அவர்கள் உங்களிடமிருந்து பிடுங்குவதும், நீங்கள் கொடுப்பதும் ஒன்றல்ல; நீங்கள் நம்புகிற ஆள் இவர் என்பது அந்தக் கைமாற்றத்தில்தான் அவனுக்குத் தெரிகிறது. அப்புறம் திரும்பி நடங்கள். அழுகைச் சத்தம் கேட்டு இரண்டாம் முறை உள்ளே போனால், இன்னும் கொஞ்சம் அழுதால் அம்மா வருவாள் என்று ஆகிவிடும். ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பதும் வேண்டாம், பார்த்துவிடுவான்.

‘பன்னிரண்டு மணிக்கு வருவேன்’ என்பது மூன்று வயதுக்குப் புரியாது. கடிகாரம் அவர்களுக்கு இன்னும் அர்த்தமாகவில்லை. எதற்குப் பிறகு எது என்பது புரியும். பள்ளியில் ஒரு நாள் எந்த வரிசையில் போகிறது என்று முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்: பாட்டு, விளையாட்டு, சாப்பாடு, கதை, வீடு. அதை வீட்டிலேயே பொம்மைகளை வைத்து நடத்திக் காட்டுங்கள். கரடிப் பொம்மை பள்ளிக்குப் போகட்டும், அழட்டும், டீச்சர் பொம்மை மடியில் உட்காரட்டும், அம்மா பொம்மை வந்து கூட்டிப்போகட்டும். இரண்டு மூன்று நாளில் உங்கள் மகனே கரடிக்குச் சமாதானம் சொல்ல ஆரம்பித்துவிடுவான்.

உங்களுக்குக் கையில் இரண்டு மாதம் இருக்கிறது, அது நல்ல விஷயம். பயிற்சியை பாத்ரூம் கதவிலிருந்தே தொடங்குங்கள். “அம்மா உள்ளே போறேன், குளிச்சிட்டு வர்றேன்” என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்துங்கள், உள்ளிருந்து ஏதாவது பேசிக்கொண்டே இருங்கள். வெளியே வந்ததும், “சொன்னேன்ல, வந்துட்டேன் பாத்தியா” என்று அவன் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். அது பழகிய பிறகு, அவனுக்கு நன்றாகத் தெரிந்த ஒருவரிடம் விட்டுவிட்டுக் கால் மணி நேரம் வெளியே போய் வாருங்கள். பிறகு அரை மணி, பிறகு ஒரு மணி. சொன்ன நேரத்துக்கு வருவது முக்கியம். பள்ளி தொடங்கிய முதல் இரண்டு வாரம், என்ன வேலை இருந்தாலும் கூப்பிட வருவதில் தாமதம் வேண்டாம். மற்ற எல்லா அம்மாக்களும் வந்து போன பிறகு தனியாக உட்கார்ந்திருக்கும் அந்தப் பத்து நிமிடம், அதுவரை கட்டியதையெல்லாம் கலைத்துவிடும்.

பள்ளியிடம் ஒன்று கேளுங்கள்: “முதல் சில நாள் நான் உள்ளே உட்காரலாமா?” ஜெர்மனியில் ‘பெர்லின் முறை’ என்று ஒன்று 1980களில் உருவானது, இன்று அங்கே பரவலாகப் பின்பற்றுகிறார்கள். முதல் மூன்று நாள் அம்மாவோ அப்பாவோ குழந்தையுடன் வகுப்பில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, சேர்ந்தே வீட்டுக்குப் போய்விடுவார்கள். பிரிவே கிடையாது. நான்காம் நாள்தான் முதல் முறையாக வெளியே போவார்கள். அதிகபட்சம் அரை மணி. குழந்தை அழுதால் அந்த டீச்சரால் தேற்ற முடிகிறதா என்று பார்ப்பார்கள். முடிந்தால் நேரத்தைக் கூட்டுவார்கள், முடியாவிட்டால் பொறுத்திருந்து இன்னும் சில நாள் எடுத்துக்கொள்வார்கள். குழந்தை அழுகிறதா என்பதைவிட, அழும்போது அந்த ஆளிடம் ஆறுதல் எடுத்துக்கொள்கிறதா என்பதைத்தான் அங்கே அளவுகோலாக வைத்திருக்கிறார்கள். நானும் அதைத்தான் நம்புகிறேன்.

உள்ளே விட மாட்டோம் என்று சொல்லும் பள்ளிகள் உண்டு. அப்படியென்றால் சேர்க்கும் நாளுக்கு முன்னாலேயே இரண்டு மூன்று தடவை கூட்டிப்போய் வாசல், வகுப்பு, கழிப்பறை எல்லாவற்றையும் காட்டுங்கள். டீச்சருடன் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு, அவர் பெயரை வீட்டில் அடிக்கடி சொல்லுங்கள். முதல் நாள் காலை அவனுக்கு அங்கே தெரிந்த முகம் ஒன்றாவது இருக்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். “என் குழந்தை அழவே இல்லை, அதனால் பிரச்சினை இல்லை” என்று நினைக்கும் பெற்றோரும் இதைப் படிப்பார்கள். 1950களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர், மருத்துவமனையில் பெற்றோரைப் பிரிந்து எட்டு நாள் இருந்த ஓர் இரண்டு வயதுக் குழந்தையைப் படமெடுத்தார். அந்தக் காலத்தில் பெற்றோர் வந்து பார்ப்பதற்கே கடும் கட்டுப்பாடு. அடங்கி அமைதியாகிவிட்ட குழந்தைகளை ‘பழகிவிட்டார்கள்’ என்றே மருத்துவமனைக்காரர்கள் நம்பினார்கள்; அது பழக்கமல்ல, ஏக்கம் என்று அவர் காட்டினார். ப்ளே ஸ்கூலின் மூன்று மணி நேரம் மருத்துவமனையின் எட்டு நாள் ஆகாது, பயப்படாதீர்கள். ஆனால் ஒரு மூலையில் அமைதியாக உட்கார்ந்திருக்கும் குழந்தையையும் யாராவது கவனிக்கிறார்களா என்று டீச்சரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் மகளுக்கு இரண்டே முக்கால் வயது. அவள் வயதுக் குழந்தைகள் எழுத்து, எண் எல்லாம் ஒப்பிக்கிறார்கள். இவளுக்கு நிறம்கூடச் சரியாகத் தெரியவில்லை. பள்ளியில் சேர்வதற்குள் என்னவெல்லாம் சொல்லித்தர வேண்டும்?
– ஓர் அப்பா

எழுத்தும் எண்ணும் சொல்லித்தருவது பள்ளியின் வேலை, அதற்கும் இன்னும் காலம் இருக்கிறது. இந்த வகைப் பள்ளியைத் தொடங்கிவைத்த ஃப்ரீட்ரிக் ஃப்ரோபெல், 1837இல் ஜெர்மனியில் உள்ள பாட் பிளாங்கன்பர்க் என்ற சிற்றூரில் குழந்தைகள் கையில் கொடுத்தது நூல் பந்தும் மரக்கட்டைகளும். 1907இல் ரோமில் மரியா மாண்டிசோரி தன் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார். பட்டன் போட, நாடா கட்டப் பழகுவதற்கென்றே துணி பொருத்திய மரச்சட்டங்கள் அவருடைய முறையில் உண்டு. மூன்று வயதுக் குழந்தைக்கு எது முக்கியம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

நீங்கள் இன்றைக்கே செய்ய வேண்டியது, பள்ளிக்கு வாங்கப்போகும் சாப்பாட்டு டப்பாவை வாங்கி அவள் கையில் கொடுத்துத் திறக்கச் சொல்வது. நாலு பக்கமும் ‘க்ளிப்’ வைத்த டப்பா பெரியவர்களுக்கு நல்லது, சிந்தாது. அந்தச் சின்ன விரலுக்கு அந்தக் க்ளிப்பைத் தூக்கப் பலம் போதாது. திறக்க முடியாத குழந்தை எல்லா நேரமும் டீச்சரைக் கூப்பிடாது. மூடிய டப்பாவை முன்னால் வைத்துக்கொண்டு, மற்றவர்கள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கும். மாலையில் டப்பா அப்படியே வீட்டுக்கு வரும், ‘பிடிக்கலை போல’ என்று அம்மா மெனுவை மாற்றுவார். இதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அவளால் தானே திறந்து மூட முடிகிற டப்பாவையும் தண்ணீர் பாட்டிலையும் வாங்குங்கள். பள்ளி தொடங்கும் வரை வீட்டில் ஒரு வேளையாவது அந்த டப்பாவிலேயே சாப்பிடட்டும்.

எதைச் சொல்லிக்கொடுத்தாலும் கடைசிப் படியிலிருந்து தொடங்குங்கள். ஜிப்பை நீங்கள் கோத்து, முக்கால்வாசி மேலே இழுத்துவிட்டு, மீதியை அவளை இழுக்க விடுங்கள். முடித்த சந்தோஷம் அவளுக்குக் கிடைக்கும். நாலு நாள் போனதும் பாதியிலிருந்து விடுங்கள், அப்புறம் அடியிலிருந்து. முதல் படியிலிருந்து தொடங்கினால் அவள் பாதியில் களைத்துப்போவாள், நீங்கள் முடித்துவைப்பீர்கள், அவளுக்கு மிஞ்சுவது தோற்றுப்போன உணர்வு மட்டும்தான்.

ஷூ வெல்க்ரோ வைத்ததாக இருக்கட்டும். இடது வலது தெரிய ஒரு வழி: அவளுக்குப் பிடித்த ஸ்டிக்கர் ஒன்றை நடுவில் வெட்டி, ஒரு பாதியை இந்த ஷூவுக்குள்ளும் மறுபாதியை அந்த ஷூவுக்குள்ளும் ஒட்டிவிடுங்கள். ஜோடியாக வைத்துப் படம் சேர்ந்தால் சரியாக வைத்திருக்கிறாள் என்று அர்த்தம்.

இதையெல்லாம்விட முக்கியமானது ஒரு வாக்கியம்: “எனக்கு வரலை, உதவி பண்ணுங்க.” இதை வாய்விட்டுச் சொல்லப் பழக்குங்கள். வீட்டில் நாம் குழந்தையின் முகத்தைப் பார்த்தே எல்லாம் செய்துவிடுகிறோம், கேட்க வேண்டிய தேவையே அதற்கு வருவதில்லை. பள்ளியில் ஒரு டீச்சருக்குப் பல முகங்கள். தண்ணீர் வேண்டும், பாத்ரூம் போகணும், வலிக்குது, அவன் தள்ளிட்டான் – இவற்றைச் சொல்லத் தெரிந்தால் உங்கள் மகள் தயார். மழலை பரவாயில்லை. மூன்று வயதில் வெளியாட்களுக்கு முக்கால்வாசி புரிந்தால் அந்த வயதுக்கு அதுவே சரியான பேச்சு.

நிறங்களைப் பற்றிய கவலையை விட்டுவிடுங்கள். தினமும் இரவு ஒரு படப்புத்தகத்தை மடியில் வைத்து வாசித்துக் காட்டுங்கள், நிறமும் அதில் வந்துவிடும்.

கேள்வி: பேரனை இந்த வருடம் பள்ளியில் சேர்க்கிறார்கள். சாப்பிட அடம்பிடித்தாலோ குறும்பு செய்தாலோ வீட்டில் உள்ள எல்லோரும், “இரு, ஸ்கூலுக்குப் போனா டீச்சர் பெரம்பு எடுப்பாங்க, அப்பத்தான் நீ சரிப்படுவே” என்கிறார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. வாய் திறந்தால் மருமகளோடு மனஸ்தாபம் வருமோ என்று பேசாமல் இருக்கிறேன்.
– ஒரு பாட்டி

பேசுங்கள் அம்மா. உங்கள் மனசு சரியாகத்தான் சொல்கிறது.

அந்த வார்த்தை அன்றைக்கு ஒரு வாய்ச் சோற்றை உள்ளே தள்ள உதவும். ஆனால் பள்ளியில் அவன் அழும்போது போய் ஒட்டிக்கொள்ள வேண்டிய ஒரே ஆளை, வீட்டிலிருக்கும்போதே பூச்சாண்டியாக்கிவிடுகிறது. முதல் நாள் நான் கை நீட்டினால் பின்னால் நகர்ந்து சுவரோடு ஒட்டிக்கொண்ட பிள்ளைகள் இருந்தார்கள். என்னை அதற்கு முன் பார்த்ததே இல்லை. யாரோ அவர்களிடம் என்னைப் பற்றி ஏதோ சொல்லியிருந்தார்கள்.

மருமகளிடம் குற்றமாகச் சொல்ல வேண்டாம். பேரனிடமே, எல்லோரும் இருக்கும்போது சொல்லுங்கள்: “உனக்கு ஏதாவது வேணும்னா டீச்சர்கிட்ட கேளு கண்ணு, அவங்க பாத்துக்குவாங்க.” நீங்கள் தினமும் அதைச் சொன்னால் மற்றவர்கள் வாயிலிருந்து மிரட்டல் தானாகக் குறையும். அதற்காக எதிர்ப்பக்கம் போய், “அங்க ஒரே ஜாலியா இருக்கும், அழவே மாட்டே” என்றும் சொல்ல வேண்டாம். அழுகை வந்தால் தன்னிடம்தான் ஏதோ தப்பு என்று நினைப்பான். “முதல்ல கொஞ்சம் அழுகை வரும், அப்புறம் விளையாட்டு வரும்.” இவ்வளவு உண்மை போதும்.

கேள்வி: மகளுக்கு மூன்று வயது ஆகியும் டயப்பர் விடவில்லை. பள்ளியில் டயப்பரோடு சேர்க்க மாட்டார்களாம். இரண்டு வாரம்தான் இருக்கிறது. எப்படிப் பழக்குவது?
– ஒரு வாசகி

முதலில் அந்தத் தேதியை அவள் முன்னால் பேசாதீர்கள். ‘டயப்பர் போட்டா ஸ்கூல்ல சேத்துக்க மாட்டாங்க’ என்று கேட்டுக்கொண்டே இருக்கும் குழந்தை அடக்க ஆரம்பிக்கும். மலத்தை அடக்கினால் இறுகும், இறுகினால் போகும்போது வலிக்கும், வலித்ததால் மறுபடி அடக்கும். அந்தச் சுழலில் மாட்டிக்கொண்டால் வெளியே வர மாதங்கள் ஆகும். மலச்சிக்கல் தொடங்கிவிட்டதாகத் தோன்றினால் மருத்துவரிடம் காட்டத் தாமதிக்காதீர்கள்.

அவள் தயாரா என்று பாருங்கள். பகலில் இரண்டு மணி நேரம் டயப்பர் நனையாமல் இருக்கிறதா? போவதற்கு முன்னாலோ போன உடனேயோ சொல்கிறாளா? ஜட்டியைத் தானே இறக்கத் தெரிகிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால் இரண்டு வாரத்தில் பகல் டயப்பரை விடுவது பல குழந்தைகளுக்கு நடக்கிற காரியம்தான். காலை எழுந்ததும், சாப்பிட்டதும், வெளியே கிளம்பும் முன்பும் உட்காரவையுங்கள். காலுக்கு அடியில் ஒரு சின்ன ஸ்டூல் கட்டாயம் வேண்டும். கால் அந்தரத்தில் தொங்கினால் முக்க முடியாது, விழுந்துவிடுவோமோ என்ற பயமும் இருக்கும். இலாஸ்டிக் வைத்த கால்சட்டை மட்டும் போடுங்கள். பட்டனும் பெல்ட்டும் இந்த வருடத்துக்கு வேண்டாம்.

வீட்டுக் கழிப்பறையில் மட்டும் பழகினால் போதாது. வெளியே போகும் இடங்களிலும் உட்காரட்டும். ஃப்ளஷ் சத்தத்துக்கே பல குழந்தைகள் நடுங்குவார்கள். அவள் எழுந்து வாசலுக்குப் போன பிறகு நீங்கள் அழுத்துங்கள். பயம் தெளிந்ததும் அவளே அழுத்துவாள்.

இரண்டு வாரத்தில் முடியவில்லை என்றால் பள்ளியில் உண்மையைச் சொல்லிக் கொஞ்சம் அவகாசம் கேளுங்கள். மாற்றுத்துணி இரண்டு செட் பையில் இருக்கட்டும். பள்ளி தொடங்கிய பிறகு, பழகிவிட்ட குழந்தையும் சில நாள் நனைத்துக்கொள்ளும். “பரவாயில்லை, மாத்திக்கலாம்” என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம். இரவில் படுக்கை நனைவது வேறு கணக்கு. ஐந்து வயது வரை அதைக் கோளாறாகவே மருத்துவர்கள் பார்ப்பதில்லை.

கேள்வி: பழைய துணி ஒன்றைக் கையில் வைத்து, முகர்ந்துகொண்டுதான் என் மகன் தூங்குவான். பள்ளிக்கும் கொண்டுபோவேன் என்கிறான். அனுமதிக்கலாமா?
– ஓர் அம்மா

பள்ளி ஒத்துக்கொண்டால் தாராளமாக அனுப்புங்கள். டொனால்ட் வினிகாட் என்ற ஆங்கிலேயக் குழந்தை மருத்துவர் இந்தப் பழைய துணிகளைப் பற்றியே 1951இல் ஒரு கட்டுரை படித்தார். அம்மாவை விட்டுத் தள்ளி நிற்கப் பழகும் குழந்தைக்கு அது கைத்துணை. அடிக்கடி துவைத்து வாசனையைப் போக்கிவிட வேண்டாம் என்பதையும் அவர் கவனித்து எழுதியிருக்கிறார். துணி பெரிதாக இருந்தால் கைக்குட்டை அளவு ஒரு துண்டு வெட்டிப் பையில் வையுங்கள், மீதி வீட்டில் பத்திரமாக இருக்கும். தொலைந்தாலும் வழி இருக்கும்.

கேள்வி: வீட்டில் ஓயாமல் பேசும் என் மகள் பள்ளியில் ஒரு வார்த்தை பேசுவதில்லையாம். சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் வேறு மொழி. மற்ற குழந்தைகளோடு விளையாடாமல் பக்கத்தில் உட்கார்ந்து தனியாகக் கட்டை அடுக்குகிறாளாம். பயமாக இருக்கிறது.
– ஒரு வாசகி

பக்கத்தில் உட்கார்ந்து தனியாக அடுக்குவதும் விளையாட்டுதான். மில்ட்ரெட் பார்ட்டன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1932லேயே இதைத் தனி வகையாக எழுதி வைத்தார்: ஒரே இடம், ஒரே பொம்மை, ஆனால் ஆளாளுக்குத் தனி விளையாட்டு. இந்த வயதில் சகஜம். அடுத்த குழந்தை அடுக்குவதைப் பார்த்துத் தன் கட்டையை மாற்றி வைக்கிறாளா என்று டீச்சரைக் கவனிக்கச் சொல்லுங்கள். வைக்கிறாள் என்றால் அவள் அந்த வகுப்புக்குள் வந்துவிட்டாள்.

பேச்சு. புது மொழி காதில் விழும் இடத்தில் குழந்தைகள் முதலில் கேட்பார்கள். வாரக்கணக்கில், சில நேரம் மாதக்கணக்கில்கூட. வாய் மூடியிருந்தாலும் காது மூடியிருக்காது. ஒரு நாள் வீட்டில் பொம்மையிடம் பள்ளி மொழியில் அதட்டுவாள், நீங்களே கேட்பீர்கள். அதுவரை, “ஏன் பேசலை? டீச்சர் கேட்டா பதில் சொல்லணும்” என்று நெருக்காதீர்கள். தலையாட்டலையும் கை காட்டலையும் பதிலாக டீச்சர் ஏற்றுக்கொள்ளட்டும். தண்ணீர், பாத்ரூம், வலி – இந்த மூன்றுக்கும் பள்ளி மொழியில் வார்த்தை கற்றுக்கொடுங்கள். வீட்டு மொழியை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். அவள் யோசிப்பதும் அழுவதும் சிரிப்பதும் அதில்தான்.

எப்போது கவலைப்பட வேண்டும்? வீட்டில் பேசி வெளியில் பேச முடியாமல் போவது ஒரு கோளாறா என்று பார்க்கும் மருத்துவர்கள்கூடப் பள்ளியின் முதல் மாதத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை. நாலைந்து மாதம் ஆகியும் கண்ணைக்கூடப் பார்க்காமல், உடம்பு விறைத்து, பாத்ரூம் போகணும் என்பதைக்கூடத் தெரிவிக்க முடியாமல் இருந்தால் குழந்தை மருத்துவரிடம் பேசுங்கள். வீட்டு மொழியிலும் பேச்சு குறைவு என்றால் அவ்வளவு நாள் காத்திருக்க வேண்டாம்.

கேள்வி: “உங்க பையன் ரொம்ப சமத்து” என்கிறார் டீச்சர். வீட்டு வாசலில் கால் வைத்ததும் ஷூவை எறிகிறான், என்னை அடிக்கிறான், தண்ணீர் வேறு டம்ளரில் கொடுத்தேன் என்று அரை மணி நேரம் உருண்டு அழுகிறான். பள்ளியில் என்னதான் நடக்கிறது?
– ஓர் அம்மா

பெரும்பாலும் நீங்கள் பயப்படுகிற எதுவும் நடக்கவில்லை. நாள் முழுக்கக் கடிக்கும் செருப்போடு நடந்தவர் வாசலுக்கு வந்ததும் கழற்றி வீசுவதைப் போல, அவன் அத்தனை நேரம் அடக்கி வைத்ததை உங்களிடம் வந்து கழற்றுகிறான். வரிசையில் நின்றது, பொம்மையை விட்டுக்கொடுத்தது, சத்தம் போடாமல் இருந்தது எல்லாம் மூன்று வயதுக்குப் பெரிய வேலை.

கூப்பிட வரும்போது கேள்வி கேட்காதீர்கள். “என்ன சொல்லிக்கொடுத்தாங்க? சமத்தா இருந்தியா? சாப்பிட்டியா?” என்று வாசலிலேயே தொடங்குவோம், அன்பால்தான். அவனுக்கு அது இன்னொரு வகுப்பு. முதலில் சாப்பிட ஏதாவது, தண்ணீர், பிறகு சும்மா இருக்க அரை மணி. டிவியும் போனும் வேண்டாம். வேறு வகுப்புகள் எதிலும் இந்த வருடம் சேர்க்காதீர்கள். அடித்தால் கையைப் பிடித்துக்கொண்டு, “அடிக்க விட மாட்டேன். நீ களைச்சுப் போயிருக்கே” என்று மெதுவான குரலில் சொல்லுங்கள். டம்ளரைப் பற்றி வாதாட வேண்டாம்.

தூக்கத்தைக் கணக்குப் பாருங்கள். மூன்று, நான்கு வயதுக்கு, பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. காலையில் பள்ளிக்கு எழுப்ப வேண்டியிருப்பதால் பல வீடுகளில் இதில்தான் துண்டு விழுகிறது. இரவுத் தூக்கத்தை முன்னால் நகர்த்துங்கள். பள்ளி தொடங்கப்போகிறவர்கள் இரண்டு மூன்று வாரம் முன்பிருந்தே தினம் பத்து நிமிடமாக நகர்த்தலாம்.

பள்ளியைப் பற்றிக் கேட்க வேண்டுமென்றால் படுக்கையில், விளக்கை அணைத்த பிறகு, சின்னதாகக் கேளுங்கள். “இன்னிக்கு உன் பக்கத்துல யார் உக்காந்தா?” அங்கிருந்து அவனே சொல்லிக்கொண்டு போவான்.

கேள்வி: சேர்ந்ததிலிருந்து மாறி மாறிச் சளி. எதிர்ப்பு சக்தி குறைவோ?
– ஒரு வாசகர்

சின்னக் குழந்தைகளுக்கு வருடத்தில் ஆறு முதல் எட்டு முறை சளி பிடிப்பது வழக்கமான கணக்கு. கூட்டமாகச் சேர்ந்து இருக்கும் முதல் வருடம் அதற்கு மேலும் போகும். இடையில் தேறி, நன்றாகச் சாப்பிட்டு, எடை ஏறினால் கவலை இல்லை. தடுப்பூசிகள் விடுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சோப்புப் போட்டு 20 விநாடி கை கழுவப் பழக்குங்கள். பிடித்த பாட்டு ஒன்றைப் பாடி முடிக்கும் வரை என்று வைத்தால் நேரம் சரியாக வரும்.

மூக்கைச் சிந்தவும் சொல்லிக்கொடுங்கள். மாண்டிசோரி ஒரு முறை இதைத் தனிப்பாடமாக நடத்தினாராம், கைக்குட்டையை எப்படி எடுப்பது, சத்தமில்லாமல் எப்படிச் சிந்துவது என்று. முடிந்ததும் குழந்தைகள் கைதட்டினார்கள். எந்நேரமும் மூக்கு ஒழுகுது என்று திட்டு வாங்கியவர்களுக்கு, அன்றுதான் ஒருவர் மரியாதையாகச் சொல்லிக்கொடுத்தார்.

கேள்வி: முதல் மூன்று வாரம் சிரித்துக்கொண்டே போனவள், இப்போது காலையில் கட்டிலை விட்டு இறங்க மறுக்கிறாள். வயிறு வலி என்கிறாள். நிறுத்திவிடலாமா?
– ஓர் அப்பா

முதலில் புதுமை இருந்தது. இது ஒரு நாள் இரண்டு நாள் விஷயமல்ல, தினமும் போக வேண்டும் என்பது இப்போதுதான் அவளுக்குப் புரிந்திருக்கிறது. நீண்ட விடுமுறைக்குப் பிறகும், காய்ச்சலில் படுத்து எழுந்த பிறகும்கூட இப்படி வரும். வயிற்று வலியை நடிப்பு என்று தள்ளாதீர்கள்; பயத்தில் இந்த வயதில் நிஜமாகவே வயிறு வலிக்கும். விடுமுறை நாளிலும் வலிக்கிறதா என்று பாருங்கள், வலித்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

மற்றபடி முதல் நாள் போலவே மறுபடி தொடங்குங்கள். அதே வார்த்தை, அதே கட்டிப்பிடிப்பு, சொன்ன நேரத்தில் வருவது. நடுநடுவே ஒரு நாள் வீட்டில் வைத்துக்கொள்ளாமல் தொடர்ந்து அனுப்புங்கள்.

ஆனால் அதற்கு முன் ஒரு காலை நேரில் போய் டீச்சரிடம் உட்கார்ந்து பேசுங்கள். எந்த நேரத்தில் அழுகிறாள், யாரிடம் போகிறாள், பாத்ரூமுக்கு யார் கூட்டிப்போகிறார்கள், டீச்சர் மாறினாரா, யாராவது கடித்தார்களா தள்ளினார்களா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். தன் வகுப்புக் குழந்தையைத் தெரிந்த டீச்சர் இவற்றுக்கு யோசிக்காமல் பதில் சொல்வார். “எல்லாம் நல்லாத்தான் இருக்கா சார்” என்று மட்டும் பதில் வந்தால் அடுத்த நாளும் போங்கள். அழும் பிள்ளையை இருட்டறையில் வைக்கிறார்கள், அடிக்கிறார்கள், பெற்றோர் எந்த நேரத்திலும் உள்ளே வர முடியாது என்கிறார்கள் – இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றைக்கே அவளைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். கட்டிய பணம் போனால் போகட்டும். அடுத்த வருடம் வேறு பள்ளியில் சேர்க்கலாம், அவளுக்கு வயது ஒன்றும் கடந்துபோய்விடவில்லை.